பிசுக்குக்கு நாற்பத்தொரு அர்த்தம்

போன திங்கட்கிழமை சாயங்காலம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். முன்னால் நான்கு கல்லூரிப் பெண்கள். படியில் தயங்கிய ஒருத்தியின் முதுகில் தட்டி இன்னொருத்தி சொன்னாள்: “ஏட்டி பிசுக்கு, ஏறேம்ட்டி!”

எனக்குப் புல்லரித்துவிட்டது. அது கல்லூரி நாளில் நான் போட்ட வார்த்தை! எட்டு வருடம் கழித்தும் உயிரோடு இருக்கிறது! நம்மூர்ப் பேச்சையெல்லாம் திரட்டி ஒரு அகராதி போட்டால் என்ன என்று அங்கேயே தோன்றியது. யோசனை வந்துவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பஸ்ஸுக்குள் அவர்கள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“எங்க காலேஜ் வார்த்தக்கா. முன்னால ஒரு பிள்ள படிச்சாளாம். அருவிகிட்டயே வீடு, ஆனா குளிக்கவே மாட்டாளாம். பக்கத்துல போனா நாறுவாளாம். அவளுக்கு வச்ச பேரு.”

நான்கு பேரும் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்மேல் அல்ல, என்மேல்.

என்னோடு படித்த அந்தப் பெண் தினமும் குளித்தாள். ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழில் அவள் அப்பாவுக்கு. சீசன் நாட்களில் விடியுமுன் எண்ணெயைக் காய்ச்சிப் பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடி வருவாள். நல்லெண்ணெயும் ஏதோ வேரும் கலந்த வாசம். இன்றைக்கு அதே வாசத்தைக் குப்பியில் அடைத்து விற்றால் வாங்கிப் பூசிக்கொள்கிற ஆள்தான் நான். அன்றைக்கு அவள் கை பட்டு என் புது துப்பட்டாவில் கறை விழுந்தது. “என்னட்டி ஒரே பிசுக்கு!” என்றேன். பஸ்ஸே சிரித்தது. ஒரு பஸ் சிரித்துவிட்டால் அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா?

கடைசி சீட்டில் சபை கூடியது. தினமும் ஒருத்தி பிசுக்குக்குப் புது அர்த்தம் சொல்ல வேண்டும். மூன்று பேர் ஜன்னல் கம்பியில் தட்டினால் பாஸ். ஆறிப்போன உப்புமா பிசுக்கு. பைக்கில் பின்னாலேயே வருகிறவன் பிசுக்கு. இன்டர்னல் மார்க் பிசுக்கு. புள்ளியியல் நோட்டின் பின்பக்கத்தில் எண் போட்டு எழுதுவது என் வேலை. அப்போதே அகராதிப் பைத்தியம்! அவள் முன்னால் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தட்டலும் அவளுக்குக் கேட்கும்.

ஒருநாள் அவளே எழுந்து பின்னால் வந்தாள்.

“நானும் ஒண்ணு சொல்லுதேன். எழுதிக்கோ.”

“சொல்லுட்டி, சொல்லு!”

“பிசுக்குன்னா எங்கப்பா கை. தேங்கா நாரு போட்டுத் தேச்சாலும் போவாது.”

கம்பிகள் அதிர்ந்தன. அவளும் சிரித்தாள். ஒருவழியாக எங்களோடு சேர்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். “சூப்பர்ட்டி” என்று வேறு பாராட்டி, நாற்பத்தொன்று என்று எழுதினேன். அடுத்த நாளிலிருந்து அவள் ஏழு மணி பஸ்ஸுக்கு மாறிவிட்டாள். பூட்டிக் கிடக்கும் கல்லூரி வாசலில் தினமும் ஒன்றரை மணி நேரம் நின்றாள் என்று வாட்ச்மேன் அண்ணாச்சி பிறகொருநாள் சொன்னார். ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை. கடைசி நாளில் அவள் ஆட்டோகிராப் நோட்டில் ‘டியர் பிசுக்கு’ என்று இதயம் வரைந்து எழுதிக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் என் கையைக் கழுவத் தோன்றுகிறது.

அந்த பஸ் இப்போது இல்லை. கடைசி சீட்டுச் சபையும் திசைக்கு ஒன்றாகப் போய்விட்டது. உப்புமா, பைக்குக்காரன், மார்க் என்று நாற்பத்தொரு அர்த்தமும் யாருக்கும் ஞாபகமில்லை. எஞ்சியது நாங்கள் யாருமே சொல்லாத ஒன்று: குளிக்காத பிள்ளை. அதைவிடக் கேவலம், பஸ்ஸில் அன்று குற்றாலம் வந்து சேரும்வரை முயன்றும் அவள் பெயர் எனக்கு வரவில்லை. வீட்டில் பழைய குரூப் போட்டோவின் பின்னால் தேடித்தான் எடுத்தேன். முத்துப்பேச்சி.

அகராதி கிடக்கட்டும். நாளைக்கு மறுபடி திங்கட்கிழமை. அதே பஸ்ஸுக்குப் போய் நிற்கப் போகிறேன். அந்த நான்கு பேரிடமும் சொல்ல வேண்டும்: அவள் பெயர் முத்துப்பேச்சி, விடிய எழுந்து வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள், அந்த வார்த்தையைப் போட்டவள் நான். சிரிப்பார்கள். மூக்கைப் பொத்தினாலும் பொத்தட்டும், இந்தத் தடவை என்னைப் பார்த்து.