முகம் பார்க்க வந்த மாப்பிள்ளை

உயர்தரம் படிக்கும்போது நான் ஒரு ஆம்பிளையாகச் செத்தேன். எங்களுடையது பெண்கள் பாடசாலை. நாடகத்தில் ஆண் வேஷமும் நாங்கள்தான் போட வேண்டும்.

கதை ஊரறிந்த கதைதான். இரண்டு குடும்பத்துக்கும் ஆகாது. இந்த வீட்டுப் பெண்ணும் அந்த வீட்டுப் பையனும் ஒருவரையொருவர் விரும்பிவிடுவார்கள். வீட்டார் அவளுக்கு வேறு மாப்பிள்ளை பேசுவார்கள். அவள் மயக்க மருந்து குடித்துச் செத்தவள்போலக் கிடப்பாள். அவளைக் கிடத்திய கல்லறை மண்டபத்தில், பேசிய மாப்பிள்ளையும் காதலனும் மோதுவார்கள். மாப்பிள்ளை வெட்டுப்பட்டுச் சாவான். பிறகு காதலன், பிறகு அவள் என்று வரிசையாகச் சாவு. அதில் முதல் சாவு என்னுடையது.

எனக்கு ஒரு கெட்ட குணம்: ஒன்று விளங்காவிட்டால் சோறு இறங்காது. இந்த மாப்பிள்ளை ஏன் அங்கே போகிறான்? பெண் போய்விட்டாள், கலியாணமும் இல்லை. தனியாகப் போய் வெட்டுப்பட அவனுக்கு என்ன வந்தது?

டீச்சரிடம் கேட்டேன். "அவன் செத்தாத்தானே மற்றவன் உள்ளுக்குப் போகலாம். நீ விழுந்தாச் சரி புள்ள" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிசன் சாவதற்கு இதுவா காரணம்?

நாயகியாக நடித்த என் கூட்டாளி இன்னும் மோசம். "நிக்காஹே நடக்கல்ல, அவன் அன்னிய ஆம்பிளை. எங்கட ஊரெண்டா மையத்துட முகத்தக்கூடக் காட்டமாட்டாங்க. என்னத்துக்கு வாறான், விசரன்?"

அவள் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் ஒரு பெண் மௌத்தானால், கபன் துணியை மூடுமுன் கடைசியாக முகம் பார்க்க வாப்பா வரலாம், கூடப்பிறந்தவன் வரலாம். பேசிக் கைவிட்டுப்போன மாப்பிள்ளை வாசலோடு சரி.

இந்தக் கேள்வி என்னை விடாததற்கு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. எனக்கு மூத்தவளான ராத்தாவை மாமாவின் மகனுக்கென்று சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். ராத்தா வேறொருவரை விரும்பி, அடம்பிடித்து அவரையே கலியாணம் முடித்தாள்; இப்போது கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அல்லாஹ் காத்தான், யாரும் சாகவில்லை. ஆனால் மாமா எங்கள் வாசலை மிதிப்பதை விட்டுவிட்டார். உம்மாவுக்கு உடன்பிறப்பு அவர் ஒருவர்தான். பெருநாளைக்குப் பெருநாள் உம்மா மாமாவுக்கென்று வட்டிலப்பம் எடுத்து வைப்பார். பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் வாசலைப் பார்ப்பார். பிறகு அதை எங்கள் கையிலேயே தருவார்.

மாமாவின் மகன் சாய்ந்தமருதில் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். எனக்கு நாடகத்துக்கு ஒரு மரவாளும் வேண்டும், என் கேள்விக்குப் பதிலும் வேண்டும். வீட்டில் சொல்லாமல் போனேன்.

"என்ன புள்ள, இஞ்சால?"

கதை முழுவதையும் சொன்னேன். சொன்ன வேகத்தில், "நீங்களெண்டா ஏன் மச்சான் போவீங்க?" என்றும் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவர் பலகையை இழைத்துக்கொண்டே இருந்தார். "வாள் வியாழக்கிழமை தாறன். நாடகம் எப்ப?" என்றார். அவ்வளவுதான்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஒத்திகையில் நாயகி நீள மரவாங்கில் மல்லாந்து கிடப்பாள், முகத்தைச் சபைப்பக்கம் சாய்த்திருப்பாள். அன்றைக்குத் திரைக்குப் பின்னால் அவளைக் கிடத்திய நான்கு பேரும், பதற்றத்தில், ஊரில் மையத்தைக் கிடத்திப் பார்த்த மாதிரியே கிடத்திவிட்டார்கள். தலை வடக்கே, வலப்பக்கம் சரித்து, முகம் மேற்கே, கிப்லாவுக்கு. மேடையின் பின்சுவர்தான் மேற்கு. திரை விலகியபோது சபைக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டும். முன்வரிசையில் ஒரு தாய், மௌத்துச் செய்தி கேட்டால் சொல்லும் "இன்னாலில்லாஹி"யை உண்மையாகவே சொன்னார்.

நாடகப்படி நான் கொண்டுவரும் பூவை அவள் முகத்தருகில் வைக்க வேண்டும். முகத்துக்கு எங்கே போவது? வாங்கைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் குனிந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தாள் கள்ளி. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வசனம் மறந்துபோனது. காதலன் வந்து அதட்டியதும் கேட்கவில்லை. வாளை உருவுவதற்குள் வெட்டு விழுந்து, அங்கேயே, வாங்குக்குப் பின்னால் செத்தேன். யாரோ போனில் பிடித்த வீடியோவில் என் கால் இரண்டும்தான் தெரியும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் இன்றும் அதைப் போட்டுச் சிரிப்பார்கள்.

"யாருக்கும் தெரியாத இடத்துல போய்ச் செத்திருக்காய்!" என்று டீச்சர் ஏசினார்.

அன்று பின்னேரம் வாசலில் மச்சான் நின்றார்.

"மண்டபத்துல கடைசியில நிண்டு பாத்தன். சரியாத்தான் செஞ்சாய்."

"எங்க மச்சான், ஒண்டும் தெரிஞ்சிருக்காதே!"

"நீ சுத்திப் போனது தெரிஞ்சது. அவன் சண்டைக்கு வரல்ல புள்ள. முகத்த ஒருக்காப் பாத்துட்டுப் போக வந்தவன்."

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "ராத்தாட புள்ளைய நான் இன்னும் பாக்கல்ல. அதுட முகத்தப் பாக்க எனக்கு ஏலும்தானே?" என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. உள்ளே ஓடி உம்மாவிடம் சொன்னேன். உம்மா ராத்தாவின் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மச்சான் குனிந்து அந்தச் சின்ன முகத்தைக் வெகு நேரம் பார்த்தார்.

"மாமி, வாப்பாவும் வந்திருக்கார். ரோட்டுல நிக்கார். நீங்க கூப்பிட்டா வருவார்."

பிள்ளையை அவர் கையில் வைத்துவிட்டு, உம்மா செருப்பும் போடாமல் ரோட்டுக்கு ஓடினார்.