நன்றி மெட்சன்

எங்கள் நமிகோம்பேயில் மெட்சன் கட்சோம்பேயை முகத்துக்கு நேராக டாக்டர் என்பார்கள். அவன் முதுகைத் திருப்பியதும் நன்றி மெட்சன் என்பார்கள். அவன் டாக்டரும் இல்லை, யாருக்கும் நன்றியுள்ளவனும் இல்லை. ஆனாலும் மலாவி நாட்டின் இந்தத் தூசி படிந்த மூலையில், எங்கள் வலியும் வெள்ளைக்கார டாக்டர்களின் மருந்தும் பல வருஷம் அவன் வாய் வழியாகத்தான் சந்தித்துக்கொண்டன. சந்தித்துக்கொண்டன என்று சொல்வதும் தப்பு.

அவன் அப்பா மாவு மில்லில் சாக்குக் கட்டுகிறவர். மெட்சனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். இவன் பாதியில் நின்றுவிட்டான். புகையிலைத் தோட்டம் ஒன்றில் மேனேஜர் வீட்டுக்கு வேலைக்குப் போனான். நாலைந்து வருஷம் தட்டு கழுவி, துணி தேய்த்து, அந்த வீட்டு இங்கிலீஷைக் காதில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். திரும்பியவன் மண்வெட்டியைத் தொடவில்லை. அவன் மனைவி டொரிக்காதான் வயலில் குனிந்தாள், ஏரிக்கரையிலிருந்து உசிபா கருவாடு வாங்கி வந்து சந்தையில் விற்றாள். இவன் மதுக்கடை வாசலில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேசினான். கேட்க ஆளில்லாததால் ரேடியோவோடு பேசினான்.

அப்போதுதான் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஏதோ ஒரு தூரதேசத்துச் சபை, தன் டாக்டர்களையும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளையும் எங்களுக்குக் குளிர்காலமான ஆடி மாத விடுமுறையில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கு அனுப்பியது. கூடாரம் போட்டார்கள். கண்ணில் பூ விழுந்தவர்களுக்கும், குடல் இறங்கியவர்களுக்கும் கத்தி வைத்தார்கள். மிச்சப் பேருக்கு மாத்திரை கொடுத்தார்கள். குழந்தைகளுக்குப் பொம்மைக் கரடி கொடுத்தார்கள். கரடியையே பார்த்திராத குழந்தைகள் அதைப் பன்றிக்குட்டி என்று நினைத்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் வாங்க மறுத்து ஓடின. சாயங்காலம் ஆனால் கிட்டார் வாசித்துப் பாடுவார்கள். வரிசையில் காத்திருந்து சீட்டுக் கிடைக்காதவர்களும் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்களால் பார்வை திரும்பியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அதனால்தான் எல்லோரும் போனோம். அதனால்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம்.

முதல் வருஷம் அவர்கள் கூட்டி வந்த மொழிபெயர்ப்பாளன் மலேரியாவில் படுத்துவிட்டான். மெட்சன் கையைத் தூக்கினான். ஒரு வெள்ளைக் கோட்டைக் கொடுத்தார்கள். அன்றைக்குப் போட்டதுதான். சந்தைக்கு, சாவு வீட்டுக்கு, சர்ச்சுக்கு எல்லாம் அதே கோட்டு. கழுத்தில் யாரோ தூக்கி எறிந்த டாக்டர் குழாய், அதுவும் ஒரு பக்கத்துக் காதுமுனை இல்லாதது. வரிசையில் முன்னால் நிற்க வேண்டுமென்றால் அவன் வீட்டுக்கு ஒரு கோழி போக வேண்டும் என்பது சீக்கிரமே ஊருக்குப் பழகிவிட்டது.

நான் வாடகை சைக்கிள் ஓட்டுகிறவன். நோயாளிகளைப் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு போய்க் கூடார வாசலில் இறக்குவேன். திரும்பச் சவாரி கிடைக்கிறவரை அங்கேயே நிற்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நீளம் தெரியும். ஒரு கிழவர், ஒன்றுக்குப் போகும்போது எப்படி எரிகிறது, எப்போதிலிருந்து, எந்த நிறத்தில் போகிறது என்று மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடிப்பார். மெட்சன் இரண்டே வார்த்தை சொல்வான். டாக்டர் சிரிப்பார். டாக்டர் ஒரு சின்னக் கேள்வி கேட்பார். மெட்சன் கிழவரிடம் திரும்பி, குளித்துவிட்டு வர வேண்டாமா, ஊர் மானத்தை வாங்குகிறீரே என்று ஒரு பிரசங்கமே செய்வான்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. நோயைச் சொன்னால் வெள்ளைக்காரர்கள் முகம் தொங்கிப்போகிறது, வரிசை நகர மாட்டேனென்கிறது. நன்றி என்று சொன்னால் மலர்ந்துவிடுகிறது என்றான். முகம் மலர்ந்தால்தான் அடுத்த வருஷமும் வருவார்களாம்.

எனிபா என் அக்கா. ஊரில் அவள் முன்னால் வாயைக் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. அவளுக்கு வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. ஒரு வருஷம் அந்தக் கூடாரத்தில் கத்தி வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று நன்றாகத் தெரிகிறது என்றாள். இரண்டு நாள் கழித்துக் கண் சிவந்து வீங்கியது, சீழ் கட்டியது. நான் அவளைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனபோது கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கண் டாக்டரம்மா, வெயிலில் மூக்குத் தோல் உரிந்த உயரமான பெண், வண்டியில் ஏறப்போனவள் எங்களைப் பார்த்து இறங்கி வந்தாள்.

"கண்ணுக்குள்ள மொளகாப் பொடிய அள்ளிப் போட்ட மாதிரி எரியுது. ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் தெரியல. என்னன்னு பாக்கச் சொல்லு" என்றாள் அக்கா.

மெட்சன் ஏதோ சொன்னான். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள். யாரோ போட்டோ எடுத்தார்கள். அக்கா கையைத் தளர விட்டு நின்றாள். இது என்ன வைத்தியம் என்று அவளுக்குப் புரியவில்லை. எங்கள் தலையில் தூசியை இறைத்துவிட்டு வண்டிகள் போய்விட்டன.

"என்ன அண்ணே சொன்ன அவகிட்ட?" என்று கேட்டேன்.

"பார்வை குடுத்த கைக்கு நன்றின்னு சொன்னேன்."

"அக்கா அதையா சொன்னா?"

"பொட்டியெல்லாம் கட்டிட்டாங்கடா தம்பி. இப்பப் போயி இதச் சொல்லி என்ன ஆகப்போவுது? போறப்ப மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுப் போவணுமா அவங்க?"

பஸ் பிடித்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணைக் காப்பாற்ற நேரம் கடந்துவிட்டது என்றார்கள். எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரிய பேனர் கட்டினார்கள். அதில் அக்காவும் டாக்டரம்மாவும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அக்காவின் வீங்கிய கண் அந்தப் பக்கம், டாக்டரம்மாவின் தோளில் புதைந்திருந்தது. அக்கா கீழே நின்று, ஒற்றைக் கண்ணால் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு துணி வெளுக்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம்தான் மெட்சனுக்குச் சோதனை வந்தது. அவனுக்கே குடல் இறக்கம் இருந்திருக்கிறது. பல வருஷமாக அந்தக் கோட்டுக்கடியில் மறைத்து வைத்திருந்தான். ஊரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவனையெல்லாம் கூடாரத்துக்கு விரட்டியவன், தன் வீக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. கூடாரம் போட்ட மறுநாள் காலை அது கல்லாக இறுகிவிட்டது. டொரிக்கா ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் பாயில் சுருண்டு கிடக்கிறான். வாந்தி எடுத்து எடுத்து உதடு வெளிறியிருந்தது.

தூக்கி சைக்கிளில் வைத்தேன். டொரிக்கா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பள்ளிக்கூடம் பக்கம் ஹேண்டிலைத் திருப்பினேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அங்க வேணாம். மெயின் ரோட்டுக்கு மிதி."

"கூடாரம் பக்கத்துலதானே இருக்கு அண்ணே? ரோடு எவ்வளவு தூரம்?"

"படிக்கிற பசங்க கத்தி புடிக்கக் கத்துக்கிற எடம்டா அது. எனக்குத் தெரியாதா? நீ மிதி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரிந்திருக்கிறது இவனுக்கு. எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தியபோதும் தெரிந்திருக்கிறது. அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருப்பேன். டொரிக்காவின் முகத்துக்காக மிதித்தேன். அந்த வலியிலும், பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகாதே, மக்காச்சோளக் காட்டைச் சுற்றிப் போ, யாராவது பார்த்துவிடுவார்கள் என்றான். சரி என்று காட்டு வழியே போனேன். அறுத்த தட்டைக் கட்டையின் மேல் சைக்கிள் ஏறி இறங்கும்போதெல்லாம் அவன் பெற்ற தாயைக் கூப்பிட்டான். எந்தக் கட்டையையும் நான் விலக்கிப் போகவில்லை.

மினிபஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். மாவட்ட ஆஸ்பத்திரியில் அன்றே வயிற்றைத் திறந்து பிழைக்க வைத்துவிட்டார்கள். கூடாரத்துக்கு, மாமா செத்துப்போனார் என்று சொல்லி அனுப்பியிருந்தான். நான் சும்மா இருப்பேனா? சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

கடைசி நாள் விழா. ஊர்த்தலைவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊர்த் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மெட்சன் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கியபடி வந்துவிட்டான். முதலில் எங்கள் பேச்சில், பிறகு இங்கிலீஷில் பேசினான். தான் சாகக் கிடந்ததாகவும், இந்தக் கூடாரத்துக் கைகளே தன்னைக் காப்பாற்றியதாகவும் சொல்லி, சட்டையைத் தூக்கிக் கட்டுப்போட்ட அடிவயிற்றைக் காட்டினான்.

கூட்டம் மொத்தமும் சிரித்தது. பெண்கள் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நாங்கள் சந்தோஷத்தில் சிரிப்பதாக நினைத்து வெள்ளைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கத்தி வைக்கிற டாக்டர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீதான் செய்திருப்பாய் என்று இவர் நினைக்க, நீதான் என்று அவர் நினைக்க, இரண்டு பேரும் கை தட்டினார்கள்.

அக்கா எழுந்து முன்னால் போனாள். சிரிப்பு அடங்கியது.

"மெட்சன், ஒன் வயித்த எந்தக் கத்தி அறுத்துச்சுன்னு ஊருக்கே தெரியும், அத விடு. என் கண்ணு எங்கன்னு இந்தம்மாகிட்டக் கேளு. நான் சொன்னத சொன்னபடி சொல்லு."

அவன் இரண்டு வார்த்தை சொன்னான். டாக்டரம்மா கைகளை விரித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அக்கா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டு, தலைத்துணியை ஒதுக்கி, இமையை விரலால் தூக்கிக் குழியைக் காட்டினாள். டாக்டரம்மாவின் முகம் மாறியது. மெட்சனிடம் என்னவோ கேட்டாள். அவன் இந்த முறை நீளமாகப் பதில் சொன்னான். அவள் மெல்லத் தலையாட்டி, அக்காவின் தோளைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். தானியச் சந்தைக் குமாஸ்தாவுக்கு இங்கிலீஷ் கேட்டால் புரியும், பேச வராது. அவர் பிறகு சொன்னார்: அது சின்ன வயதில் முள் குத்திப் போன கண்ணாம், நீங்கள் சரிசெய்தது மற்றதாம், கிழவிக்குப் புத்தி கொஞ்சம் கலங்கியிருக்கிறதாம்.

அக்காவுக்குப் புத்தி கலங்கவில்லை. அடுத்த ஆடியில் பள்ளிக்கூட வாசலில் புதுப் பேனர் தொங்கியது. மெட்சன் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றான். அதன் கீழே அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து, வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றைத்தான் சொன்னாள்.

"வாயத் தொறக்காத. வலிக்கிற எடத்தத் தொட்டுக் காட்டு. மெட்சன் பேசினா டாக்டர் காதப் பொத்து."

கடைசியில் சொன்னதை யாரும் செய்யவில்லை, மற்றதைச் செய்தார்கள். டாக்டர் கேட்டார், மெட்சன் கேட்டான், ஆட்கள் ஊமையாக நின்று வயிற்றைத் தொட்டார்கள், முதுகைத் தொட்டார்கள். மெட்சன் வாயைத் திறந்தால் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார்கள். அவன் கெஞ்சினான், மிரட்டினான், வாங்கிய கோழியைத் திருப்பித் தருகிறேன் என்றுகூடச் சொன்னான். இரண்டு நாள் இப்படியே போயிற்று. ஊருக்கே ஏதோ புது நோய் என்று பயந்துபோன வெள்ளைக்காரர்கள், மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் பேச்சுத் தெரிந்த ஒரு நர்ஸை வரவழைத்தார்கள்.

அந்த நர்ஸிடம் ஊர் வாயைத் திறந்தது. போன வருஷம் வைத்த தையல் ஆறாதது, மாத்திரை தின்று காது அடைத்தது, பார்வை வந்து போனது, எல்லாம் வெளியே வந்தது. அவள் ஒன்று விடாமல் சொன்னாள். அக்காவின் கண்ணைப் பற்றியும் சொன்னாள். டாக்டரம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்து நின்று, முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்தார்கள். கண் போனது அவளுக்குத்தான் என்று நினைத்துவிடலாம், அப்படி ஒரு கவனிப்பு. வரிசை நின்றுபோயிற்று.

அக்கா நர்ஸைப் பார்த்தாள். "அவங்க அழுவுறத அப்புறம் அழுதுக்கட்டும். இந்தப் பெரியவரு காலையிலேர்ந்து நிக்கிறாரு. இவர மொதல்ல பாக்கச் சொல்லும்மா."

நர்ஸ் அதையும் அப்படியே சொன்னாள். டாக்டரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து பெரியவரைப் பார்த்தாள். அந்த வருஷம் கத்தி குறைந்தது. பாதிப் பேரை மாவட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதி அனுப்பினார்கள். அவர்களில் பலரை மெயின் ரோடு வரை மிதித்தவன் நான். இந்த முறை கட்டையெல்லாம் விலக்கித்தான் போனேன்.

மெட்சனைக் கோட்டைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை, டொரிக்கா நிம்மதியாக இருந்தாள். மழைக்காலம் முடிந்ததும் வேறொரு தேசத்திலிருந்து கிணறு தோண்டுகிறவர்கள் வந்தார்கள். இப்போது மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு அவர்களோடு சுற்றுகிறான். தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று பெண்கள் குடத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறார்கள். அவன் வெள்ளைக்காரர்களிடம் திரும்பி, இரண்டு வார்த்தை சொல்கிறான்.