அல்போன்சாவுக்கு ஒரு கிரகணம்

தூத்துக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரோச்சுக்கு வலது கண்ணின் நடுவில் எதுவும் தெரியாது. அந்தக் கண்ணால் மட்டும் ஒருவரைப் பார்த்தால் முடி தெரியும், காது தெரியும். மூக்கு இருக்கவேண்டிய இடம் சாம்பலாகக் கலங்கியிருக்கும்.

2010 பொங்கலுக்கு மறுநாள் மதியம் வந்த வளையக் கிரகணத்தில் போன பார்வை அது. பெரிய லென்ஸின் முன்னால் பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றை ஒட்டிக்கொண்டு ஸ்டூடியோ மாடிக்குப் போனார். அதுவே தப்பு. படம் மங்கலாக விழுகிறதென்று அதையும் பிய்த்துப் போட்டுவிட்டு வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தார். சில நொடிகள்தான். வலிக்கவே இல்லை. சாயங்காலம் இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே பஸ் போர்டைப் படித்தபோது ஊர்ப்பெயரில் நடு எழுத்துகளைக் காணவில்லை.

தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தார். விழித்திரை பொசுங்கியிருந்தது. மனைவி அல்போன்சாவிடம் அவர் சொல்லவில்லை.

ஈஸ்டர் கழிந்து தருவைகுளத்தில் ஒரு கல்யாணம். ஆல்பத்துக்குப் படம் பிரித்துக்கொண்டிருந்த அல்போன்சா கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினாள்.

"பின்னால நிக்கவங்க எல்லாரும் தெளிவா இருக்காங்க. பொண்ணு மாப்பிள்ள மொகம் கலங்கிக் கெடக்கு. ஒங்க கைக்கு இப்படி வராதே. ஒங்களுக்கு என்ன செய்யுது?"

ரோச் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் திட்டவில்லை. கேமராவை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எடது கண்ணு நல்லாத்தான இருக்கு? என்னய எடுங்க."

பழக்கமில்லாத கண். கேமரா மூக்கில் இடித்தது. கை தடுமாறியது. அன்று மத்தியானம் முழுக்க அவள் அந்த ஸ்டூலை விட்டு எழவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு இன்னொரு கேமராவோடு அவளும் கூடப் போனாள். பிறகு எல்லாக் கல்யாணத்துக்கும் போனாள்.

2019 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை மறுபடியும் கிரகணம் என்றார்கள். சூரியனுக்கென்றே செய்த ஃபில்டர் தாளையும் இரண்டு கிரகணக் கண்ணாடிகளையும் அல்போன்சா முன்கூட்டியே வரவழைத்திருந்தாள்.

"எனக்கு வேண்டாம்ளா," என்றார் ரோச்.

"போன தடவ நான் கீழ பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆளுகள உக்கார வச்சிட்டு இருந்தேன். ஒங்க கண்ண எடுத்துக்கிட்டது எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்ல. ஒரு தடவ பாக்கணும்."

அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. தாளைப் பல்புக்கு நேரே பிடித்து, ஊசிமுனை ஓட்டைகூட இல்லையென்று பார்த்தார். அட்டை வளையத்தில் பொருத்தி லென்ஸின் முன்னால் இறுக்கி மாட்டினார். பழக்கதோஷத்தில் யாரும் கண் வைத்துவிடக் கூடாதென்று வ்யூஃபைண்டர் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். "ஸ்க்ரீன்ல மட்டும் பாத்தா போதும்," என்றார்.

காலையில் கடற்கரையில் ஸ்டாண்டை ஊன்றி, ஃபில்டரைச் சரிபார்த்த பிறகே கேமராவைச் சூரியனுக்குத் திருப்பினார். ஸ்க்ரீனில் ஒரு விள்ளல் எடுத்த ஆரஞ்சு வட்டம். அல்போன்சா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றாள்.

ஒன்பதரை மணி. பிறை மெலிந்துகொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. அட்டை வளையத்தின் ஓரம் தூக்கியது, ஸ்க்ரீன் வெளுத்தது.

"கண்ணாடியக் கழத்தாத!" என்று கத்தினார் ரோச். லென்ஸை உள்ளங்கையால் மறைத்துக் கேமராவை மணல் பக்கம் சாய்த்தார். லென்ஸுக்கு மூடி போட்டார். டேப் சுற்றி மறுபடி நிறுத்துவதற்குள் பிறை தடித்துவிட்டது.

"நல்ல நேரம் போச்சு," என்றார்.

"எனக்குப் போகல. நான் பாத்துட்டுதான இருந்தேன்." அவள் இன்னும் தலையை இறக்கவில்லை. பிறகு வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த இன்னொரு கண்ணாடியை எடுத்து அவர் காதுகளில் மாட்டினாள். "இப்ப பாருங்க. ஒண்ணும் செய்யாது."

ரோச் பயந்து பயந்து தலையைத் தூக்கினார். இடது கண்ணில் சூரியன் தெரிந்தது, சின்னதாக, சாதுவாக. அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அன்று தேறிய படங்கள் பதினொன்று. ஒன்றும் உச்சநேரத்துப் படமில்லை. ஆனாலும் ஒன்றைச் சட்டம் போட்டு ஸ்டூடியோவில் மாட்டினார்கள். இப்போது சின்னக் கல்யாணங்களுக்கு அல்போன்சா தனியாகவே போகிறாள். ரோச் கடையிலிருந்து ஆல்பம் போடுகிறார். அவள் வர நேரமானால் சோறும் அவரே வடித்துவிடுகிறார்.