மீட்டரம்மா அளந்த எட்டு நாள்

தேயிலைத் தொழிற்சாலைக்கு எலக்ட்ரீஷியனாக ஒரு பெண் வந்து நின்றபோது, "ஏணியில ஏறினா இறங்கத் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம், அந்தக் கட்டடத்தில் அவள் கை படாத வயர் கிடையாது. மீட்டரம்மா என்ற பெயர் மட்டும் கடைசி ஆறு வருஷத்தில்தான் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர் வந்த சமயத்தில், கரண்ட் செலவு சில வருஷமாகவே எகிறிப்போயிருந்தது. புது மேனேஜர் ஒவ்வொரு அறையாகச் சுற்றி வந்தார். தூள் சலிக்கும் அறையில் பழைய மெஷின் பேய் பிடித்ததுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"இதுதான் கரண்டைக் குடிக்குது" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மெஷினை நிறுத்திவிட்டு, சலிப்பதை வெளியே கொடுத்துவிடலாம் என்று முடிவு. அந்த அறையின் ஐந்து பெண்களுக்கும் மாதக் கடைசியோடு வேலை இல்லை. ஐவரில் ஒருத்தி அவளுடைய தங்கை.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "சத்தம் போடுறவங்கதான் நிறைய சாப்பிடுவாங்கன்னா, எங்க வீட்டுக்காரர் இந்நேரம் யானை சைஸுல இருக்கணும் சார்."

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அளந்து காட்டுங்க. எட்டு நாள் தர்றேன்."

அதுவரை மொத்தக் கட்டடத்துக்கும் வாசலில் ஒரே மீட்டர்தான். எந்த மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. அவள் ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு பழைய மீட்டரைத் துடைத்துப் பலகையில் பொருத்தினாள். இலை உருட்டும் மெஷின், ட்ரையர், சலிக்கும் மெஷின் என்று நாளுக்கு ஓரிடமாக அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

சலிக்கும் மெஷின் நாள் முழுக்க ஆடியும் பன்னிரண்டு யூனிட்டைத் தாண்டவில்லை. கடைசியாக, பச்சை இலையை வாட்டுகிற மேல்மாடிக்குப் போனாள். அங்கே பத்து விசிறிகள் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நாற்பது யூனிட்டில் முடிய வேண்டிய ஒரு விசிறி அறுபத்திரண்டைக் காட்டியது. மறுநாளும் அளந்தாள். அதே அறுபத்திரண்டு.

காரணத்தை அவள் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷம் முன்பு விடாத மழையில் இலை வாடாமல் கிடந்தபோது, விசிறிகள் வேகமாகச் சுற்றட்டும் என்று மோட்டார்களின் பெல்ட் சக்கரத்தைக் கழற்றிப் பெரிய புல்லியாகப் போட்டவள் அவளேதான். எல்லோரும் கைதட்டினார்கள். மழை விட்டது, புல்லியை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

வீட்டில் தங்கை பதறினாள். "அக்கா, இதை எழுதிக் கொடுத்தா உன் வேலைக்கே உலை வெச்சுடுவாங்க. நான் எங்கயாவது பொழைச்சுக்குவேன், நீ பேசாம இரு."

"பேசாம இருக்கிறதுக்கா எட்டு நாளா அந்த மீட்டரைச் சுமந்தேன்? போடி."

மறுநாள் அளவையும் காரணத்தையும் எழுதிய தாளை மேனேஜர் மேசையில் வைத்தாள். அவர் மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"புல்லியை மாத்தினது யாரு?"

"நான்தான் சார். திருப்பி மாத்தாததும் நான்தான்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இதை நீங்க எழுதலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். பிறகு, "சலிக்கிற மெஷின் ஓடட்டும். விசிறிகளைப் பழையபடி ஆக்க எத்தனை நாள் வேணும்?"

"அஞ்சு நாள்."

நான்கே நாளில் முடித்தாள். சலிக்கும் அறைப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்கு ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். "கீழ பாத்து பயந்துடாதே அக்கா, நாங்க அழகாத்தான் இருக்கோம்" என்று தங்கை கத்த, மேலிருந்து ஒரு எண்ணெய்த் துணி அவள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு விசிறியும் நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் வாடிய இலையைக் கைப்பிடியில் இறுக்கி விரித்துப் பார்த்தார். முன்பைவிடப் பதம் நன்றாக இருக்கிறது என்றார்.

அதன் பிறகு மேனேஜர் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மீட்டர் வாங்கிப் போட்டார். தினமும் காலை எட்டு மணிக்கு அவள் போய்ப் படித்து, கரும்பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுவாள். தான் செய்த தப்பைத் தானே அளந்து எழுதிய கை அது. அந்த எழுத்தை யாரும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அவள் இறந்துபோய் இது மூன்றாவது மாதம். இன்று காலையும் அந்த ஐந்து பெண்கள் வேலைக்குப் போனார்கள்.