சிக்னல் பாறை ரகசியம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடைப்பது கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறையில் மட்டும்தான். மாலையானால் அங்கே வரிசை நிற்கும். தொழிற்சங்கத் தலைவரை அங்கேதான் பார்ப்பேன். மீசைக்குக் கறுப்புச் சாயம், சட்டைப் பையில் எழுதாத இரண்டு பேனா. அவரும் எழுத மாட்டார். போனை வாயருகே பிடித்து, எதிர் மலைக்கே கேட்கும்படி வாய்ஸ் மெசேஜ் போடுவார்.

"எல்லாரும் கேளுங்க. நாளைக்கு ஒருத்தரும் கொழுந்தெடுக்கப் போகக்கூடாது. தொரை காதுக்கு இது போயிறக் கூடாது!"

"தலைவரே, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றேன்.

"பயப்படாதீங்க தம்பி. இதுல பூட்டு இருக்கு. நம்ம குரூப்பைத் தவிர, போன் கம்பெனிக்காரனுக்கே கேக்காது."

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற தோட்ட மேலாளரான தொரையின் கணக்கப்பிள்ளை பணிவாகத் தலையாட்டினார்.

மறுநாள் விடியும்போதே தொரை நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றார். வேலைநிறுத்தம் பிசுபிசுத்துப் போனது.

பூட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் குரூப்பில் துரோகி இருப்பதாகத் தலைவர் முடிவுகட்டினார். மெதுவாகப் பேசச் சொன்ன என்னையே நீக்கினார்.

என்னை நீக்கிய அந்த ரகசியத்தையும் நான் பாறையில்தான் கேட்டேன். வரிசையில் கணக்கப்பிள்ளைக்கு அடுத்து நின்றிருந்தேன்.