ஃபோர்மனின் வேலியோரம் நட்ட நீலப் பரங்கி

பதினொன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரலில் லுடெல்லா வாகனிடம் மிச்சமிருந்த விதைகள் அவ்வளவுதான். வேர்க்கடலை வெண்ணெய் தீர்ந்த ஒரு பாட்டிலில் போட்டு, ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

பரங்கி விதை. கை நீளத்துக்கு வளரும், இளஞ்சிவப்புத் தோல், நுனியில் மட்டும் நீலம். 1979இல் எங்கள் பீங்கான் ஆலையில் ஒன்பது வாரம் வேலைநிறுத்தம் நடந்தபோது சங்கக் கூடத்தில் எல்லோருக்கும் சூப் வைத்தது இந்தப் பரங்கியில்தான். அதன் விதையை அன்றிலிருந்து வருஷம் தவறாமல் நட்டு எடுத்து வைத்தவள் லுடெல்லா. நான் அப்போது சங்கத்துக்கு ஆள் சேர்ப்பவன். அவள் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிறவள். இருபத்து நான்கு வயது, யாருக்கும் பயப்படமாட்டாள்.

மூன்றாவது வாரத்தில் மறியலை உடைத்துக்கொண்டு உள்ளே போனவன் ஹார்லன் ஸ்கீன்ஸ். இரண்டு வாரம் எங்கள் சூப்பைக் குடித்துவிட்டுப் போனான். கம்பெனி அவனை ஃபோர்மன் ஆக்கியது. வேலைநிறுத்தம் முடிந்ததும் யாரைத் திரும்ப எடுக்கலாம், யாரை எடுக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் போட்டான். லுடெல்லா மூன்று வருஷம் திங்கட்கிழமை தவறாமல் வாசலில் போய் நின்றாள். அவனும் தவறாமல் ஒரே பதிலைச் சொன்னான்.

"பிறகு பாக்கலாம், லூ."

அந்த மூன்று வருஷமும் முதியோர் இல்லத்தில் படுக்கைவிரிப்புத் துவைத்தாள். பிறகு ஆலையே மூடிவிட்டது. ஹார்லனின் மனைவிக்குச் சொத்தாக வந்த வீடு லுடெல்லாவின் பக்கத்து வீடு. மனைவி இறந்த பிறகும் அவன் அங்கேதான் இருக்கிறான். நடுவில் இடுப்பளவு கம்பி வேலி.

எங்கள் ஊரில் ஆகஸ்ட் மாதம் காரைப் பூட்டாமல் விட்டால், திரும்பி வரும்போது பின்சீட்டில் ஒரு பை சுக்கினி இருக்கும். பார்க்க வெள்ளரி மாதிரி, ஆனால் பரங்கிச் சாதிக் காய். எல்லோர் வீட்டிலும் காய்த்துத் தள்ளும், தின்ன ஆள் கிடையாது. ஹார்லனும் சுக்கினி போடுவான். முற்றிப்போய் உலக்கை மாதிரி ஆனதாகப் பார்த்து லுடெல்லாவின் வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுப் போவான். அவள் அதை வேலிக்கு மேலே திருப்பி எறிவாள். ஒருமுறை அவன் வீட்டுக் கொசுவலைக் கதவு கிழிந்தது. அதற்காக அவள் வருத்தப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இரண்டு வருஷமாக நாவாய்ப்பூச்சி அவள் கொடியைத் தின்று தீர்த்தது. சாம்பல் நிறம், தட்டை உடம்பு, நசுக்கினால் குமட்டும் நாற்றம். இலைக்கு அடியில் நரம்பு பிரியும் இடத்தில் செம்புப் பொட்டு மாதிரி வரிசையாக முட்டை வைக்கும். சாற்றை உறிஞ்ச உறிஞ்சக் கொடி பத்து நாளில் கருகிவிடும். அந்த இரண்டு வருஷமும் ஒரு காய்கூட முற்றவில்லை. இருந்த விதையைப் போட்டுப் போட்டுத்தான் பதினொன்றுக்கு வந்து நின்றாள்.

பூச்சி எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியமில்லை. ஹார்லன் காய்ந்த கொடியை அள்ளி எரிக்காமல் வேலியோரம் குவித்து வைப்பான். குளிர்காலம் முழுக்கப் பூச்சி அதில் தூங்கும்.

யோசனை சொன்னவன் நான்தான், மறைக்கவில்லை. "நீலப் பரங்கின்னு ஒண்ணு இருக்கு, பூச்சிக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். ஓரமா அதை நடு. எல்லாம் அங்க கூடும். கூடினதும் தினம் காலையில போய்க் கொல்லு."

"அவன் வேலியோரமா நடுறேன்," என்றாள்.

"கொல்லணும், லூ. அதுதான் முக்கியம்."

"தெரியும் தோழரே. கூட்டம் நடத்தாத."

பதினொன்றில் நான்கு முளைத்தன. வேலியோரம் நீலப் பரங்கி தழைத்தது. ஜூனில் பூச்சி கூட்டம் கூட்டமாக அதில் வந்து இறங்கியது. முதல் வாரம் அவள் சோப்புத் தண்ணீர் வாளியோடு போய் எல்லாவற்றையும் உதிர்த்துக் கொன்றாள். முட்டையை ஒட்டும் நாடாவால் உரித்து எடுத்தாள். கைப்பிடி ஒட்டிய விரல், ஒன்றுகூடத் தப்பாது.

இரண்டாவது வாரம் ஹார்லனின் சுக்கினி இலையில் மஞ்சள் புள்ளி விழுந்ததைப் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பிறகு தினமும் காலையில் காபியோடு பின்வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். நீலப் பரங்கியில் பெருகியவை எல்லாம் வேலி தாண்டி அவன் பக்கம் போயின. ஜூலை பாதியில் அவன் சுக்கினி மொத்தமும் சாய்ந்தது.

"என்ன ஃபோர்மன், இந்த வருஷம் என் நாற்காலி காலியாவே இருக்குமா?"

"உக்காந்துக்க லூ. உனக்கு உக்கார்ற வயசுதான்."

சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே தின்ன எதுவும் மிச்சமில்லை என்றால் பூச்சி சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. இறக்கை முளைக்காத குஞ்சுகள், எறும்பை விடக் கொஞ்சம் பெரியவை, வேலிக்கு அடியில் வரிசையாக நடந்து இந்தப் பக்கம் வந்தன. ஐந்து நாளில் மூன்று கொடி போயிற்று. நான்காவதில் ஒரே ஒரு காய், முஷ்டி அளவு. வேறு பரங்கியோடு கலந்துவிடக் கூடாது என்று பெண்மொட்டை நாடாவால் கட்டி, காலையில் தன் கையால் ஆண்பூவைத் தேய்த்து அவள் பிடிக்க வைத்த காய். முற்றுவதற்கு இன்னும் ஏழு வாரம் வேண்டும். விதை எதுவும் பாக்கியில்லை.

நீலப் பரங்கியை அன்றே பிடுங்கி எரித்தாள். ஆனால் குவியலும் செத்த சுக்கினியும் அவன் நிலத்தில் கிடந்தன. வேலியைத் தாண்டினால் போலீசைக் கூப்பிடுவான். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அவன் வாசலுக்குப் போனாள்.

அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "லூ, நீ எங்கிட்ட ஒண்ணு கேக்க வருவன்னு ரொம்ப நாளா உக்காந்திருக்கேன்."

"கேக்க வரலை. சொல்ல வந்தேன். நீலப் பரங்கி நட்டது உன் சுக்கினியச் சாகடிக்கத்தான். செத்துருச்சு. இப்ப என்னுதும் சாகுது. உன் குப்பைய எரி."

"குப்பையில பூச்சி தூங்கும்னு விவசாய ஆபீஸ்காரர் ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னாரு."

"அப்புறம் ஏன் எரிக்கலை?"

"என் வீட்டு மேல எத்தனை சுக்கினி எறிஞ்ச நீ?"

இரண்டு பேரும் ஒரே பூச்சியை வளர்த்திருக்கிறார்கள்.

அவனே தொடர்ந்தான். "அந்த சூப்ப நானும் குடிச்சேன். அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒண்ணு எங்கயும் கிடைக்கலை. எரிக்கிறேன். காய் முத்தினா விதையில எனக்குக் கொஞ்சம் குடு."

லுடெல்லா அவனை நன்றாகப் பார்த்தாள்.

"நீ எரி," என்றாள். "பிறகு பாக்கலாம்."

அது அவனுடைய பழைய பதில். அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அந்த மாதிரி வார்த்தை சொன்னவனுக்கு ஞாபகம் இருக்காது, கேட்டவளுக்குத்தான் இருக்கும். மறுநாளே எரித்தான். இடுப்பு வலியோடு குனிந்து, செத்த கொடி, வேர், சருகு எல்லாவற்றையும் வாரிப் போட்டு எரித்தான். நான் பார்த்தேன், நேர்மையாகத்தான் எரித்தான்.

மிச்சத்தை அவள் முடித்தாள். பொழுது சாயும்போது கொடியடியில் பலகை போடுவாள். குளிருக்குப் பூச்சி அதன் அடியில் ஒண்டும். விடிந்ததும் பலகையைத் திருப்பிப் போட்டு பூட்ஸ் குதிகாலால் நசுக்குவாள். "இது லிஸ்ட்டுக்கு," என்பாள். "இது படுக்கைவிரிப்புக்கு." ஒருநாள்கூடத் தவறவில்லை. வாளியைக் கவிழ்க்கவும் இல்லை.

செப்டம்பர் கடைசியில் காயை அறுத்தாள். நூற்று எழுபத்திரண்டு விதை. எனக்குப் பத்து. ஒன்பது வாரமும் நின்று சூப் குடித்தவர்களில் உயிரோடு இருக்கும் மற்ற ஆறு பேருக்கு ஆளுக்குப் பத்து. மீதி அவளுடைய பாட்டிலில்.

எங்கள் தெருவில் குப்பை வண்டி வருவது திங்கட்கிழமை. தொட்டியை வெளியே வைக்கும்போது இரண்டு பேரும் எதிரெதிரே வந்துவிடுவார்கள். அவன் கேட்பான்.

"லூ, அந்த விதை?"

"பிறகு பாக்கலாம், ஃபோர்மன்."

"போதும் லூ, அவன் எரிச்சான் இல்ல?" என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"நானும் மூணு வருஷம் நின்னேன் இல்ல?" என்றாள். அவளிடம் கணக்கு இருக்கிறது, சமையலறை நாட்காட்டியில். மூன்று வருஷம் என்றால் நூற்று ஐம்பத்தாறு திங்கட்கிழமை.

இதுவரை ஆனது இருபத்து மூன்று.