அரைத்தாள்

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவள் நான். தட்டச்சு இயந்திரம், சைக்ளோஸ்டைல், ஃபேக்ஸ் என்று எத்தனையோ சண்டிக்குதிரைகளை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அதனால் ஒரு திங்கட்கிழமை காலை, வங்கிக் கணக்கு அறிக்கையை அச்சடிக்க வேண்டும் என்று தம்பி ஈப்போவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தபோது, இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன.

அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். செமோரில், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு வீடு கட்டியிருந்த பழைய தோட்டத்தில் தனியாக இருந்தான். மனைவி தவறிப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. டயாலிசிஸ் செலவில் பாதியை ஓர் உதவி நிதி கொடுத்து வந்தது. அதைப் புதுப்பிக்க மூன்று மாதக் கணக்கு அறிக்கை வேண்டும், புதன்கிழமைதான் கடைசி நாள். முன்பெல்லாம் வங்கிப் புத்தகத்தை நகலெடுத்துக் கொடுத்தால் போதும். இப்போது புத்தகமே கிடையாது, எல்லாம் இணையத்தில்.

முதல் பக்கம் வந்தது. தேதி இருந்தது, விவரம் இருந்தது. மீதித் தொகை இருக்க வேண்டிய வலப்பக்கம் முழுக்க வெள்ளை. கீழ்ப்பாதியும் வெள்ளை. மீதித் தொகை இல்லாத காகிதத்தை அந்த நிதி அலுவலகத்தில் கையால்கூடத் தொட மாட்டார்கள்.

மை தீர்ந்திருக்கும் என்று புது மை வாங்கிப் போட்டேன். உள்ளே ஈரத் துணி விட்டுத் துடைத்தேன். கம்பியைப் பிடுங்கிச் சொருகினேன். வங்கிக்காரன்மேல் பழியைப் போட்டு, அறிக்கையைத் திரும்பத் திரும்ப இறக்கினேன். கடைசியில் பிரிண்டர் தலையில் ஓர் அடியும் போட்டேன். எல்லாப் பக்கமும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு வந்தது. ஊசி குத்தும் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான். போன வாரமே வந்திருக்கக் கூடாதா, எதற்கெடுத்தாலும் கடைசி நேரம் என்று அவனைத்தான் திட்டினேன். சின்ன வயதிலிருந்து எனக்குக் கோபம் வந்தால் அவன்தான் கிடைப்பான்.

செவ்வாய்க்கிழமை மாலையும் அதே கதை. அவன்தான் மெதுவாகச் சொன்னான்.

"விடுக்கா. முச்சந்திக் கடையில அடிச்சிக்கலாம்லா. ஒரு வெள்ளிக் காசுகூட ஆவாது."

நான் விடவில்லை. அவன் கணக்கில் எவ்வளவு கிடந்தது என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்காரர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர். அவர் கணினியில் போய் அதைத் திறப்பதா?

"நம்ம கணக்க ஊரான் பாக்கணுமா? நான் அடிச்சித் தாரேன், நீ போய்ப் படு" என்றேன்.

அது மானத்துக்காகச் சொன்னது என்று வெகுநாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பாதிதான் மானம். மீதி, ஒரு பெட்டியிடம் தோற்க மாட்டேன் என்ற திமிர். ஒரு நாள் பிந்தினால் என்ன, அலுவலகத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். புதன்கிழமை அவன் டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தான், நான் பிரிண்டரோடு மல்லுக்கட்டினேன். கெடு முடிந்தது.

வியாழக்கிழமை காலை அவன் வந்து என் பக்கத்தில் நின்றான். அமைப்புகள் பக்கத்தைப் பத்தாவது தடவையாகத் திறந்து வைத்திருந்தேன். அவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையில் விரலை வைத்தான். தாள் அளவு என்ற இடத்தில் 'கருமாதி' என்று இருந்தது.

"அக்கா, இது அவளுக்கு அடிச்ச கார்டுலா" என்றான்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவன் மனைவி இறந்தபோது, அச்சகத்தில் கொடுத்தால் நாளாகும் என்று, தாளைப் பாதியாக வெட்டி, பதினாறாம் நாள் அழைப்பை நானே இந்த பிரிண்டரில் அடித்தேன். ஒவ்வொரு முறையும் அளவு போட வேண்டாமே என்று அந்த அரைத்தாளுக்குப் பெயர் வைத்துச் சேமித்ததும் நான்தான். கெட்டிக்காரி. அதற்குப் பிறகு அதில் யாரும் எதையும் அடிக்கவில்லை. ஒரு வருடமாக அந்தப் பெட்டி எந்தத் தாளைக் கொடுத்தாலும் அவளுடைய அரைத்தாள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று நாளும் அந்த வார்த்தையைத் தாண்டித் தாண்டித்தான் என் கண் போயிருக்கிறது.

முழுத்தாளுக்கு மாற்றினேன். மூன்று மாதமும் முழுசாக வந்து விழுந்தன. அந்த அளவை அழிக்கப் போனேன், அவன் தடுத்தான்.

"அழிச்சிராதக்கா. அடுத்து எனக்கு வேணும்லா."

வாயைக் கழுவுடா என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே காகிதங்களை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் கெடு தாண்டிவிட்டதால் அடுத்த சுற்றில்தான் பார்ப்பார்களாம், இரண்டு மாதம் ஆகும். நான் போய்ப் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. பணம் தருகிறேன் என்றேன். கையில் இருக்கிறது, சமாளித்துக்கொள்கிறேன் என்று தம்பி சொன்னான். என் ஓய்வூதியம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். அவன் கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் சொன்னதை நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது.

மூன்று முறையை அவன் இரண்டாகக் குறைத்துக்கொண்டான். எனக்கு அது தெரியாது. ஆறாவது வாரம் ஒரு காலையில் கதவு திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். முறை குறைந்ததைப் பிறகு டயாலிசிஸ் நிலையத்துத் தாதிதான் என்னிடம் சொன்னாள். இதயம் ஏற்கெனவே பலவீனம், மூன்று முறை வந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். நல்ல மனிதர். நான் அதை ஏற்கவில்லை. ஒரு வெள்ளிகூட ஆகாத வேலை. என் தம்பியை நான்தான் காக்க வைத்தேன்.

பதினாறாம் நாளுக்கு ஃபோனிலேயே செய்தி அனுப்பிவிடலாம் என்றார்கள் உறவுக்காரப் பிள்ளைகள். தோட்டத்துச் சனங்களுக்குக் கையில் கொடுத்தால்தான் மரியாதை என்று சொல்லிவிட்டு, தாள்களைப் பாதிப் பாதியாக வெட்டினேன். பிரிண்டரைப் போட்டேன். தாள் அளவை எங்கே மாற்றுவது என்று இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை; அழிக்காமல் விட்ட 'கருமாதி' அங்கேயே இருந்தது. முதல் தாளிலேயே அவன் பெயர் நடுவில், ஓர் எழுத்தும் வெட்டுப்படாமல், சரியாக வந்தது.